புதிய ஹாகி மண் கோப்பை கசிந்தால் குறையா?

கேள்வி: ஜப்பானில் யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். சாக்கே என்ற அரிசி மது குடிக்க, ஹாகி நகரத்து வகையில் கையால் வனைந்த மண் கோப்பை ஒன்றை இணையத்தில் 12,000 யென்னுக்கு வாங்கினேன். ஊற்றி வைத்த கொஞ்ச நேரத்தில் மேசை ஈரமாகிறது. அடி வளையத்தில் ஒரு வெட்டும் இருக்கிறது. விற்றவரோ எல்லாம் இயல்புதான் என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: அந்த வெட்டு உடைசல் அல்ல. ஹாகி குயவர்கள் வேண்டுமென்றே அடி வளையத்தில் வெட்டு வைப்பதுண்டு. அதற்குக் கிரிகோதாய் என்று பெயர். வெட்டின் மேலும் மெருகு (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) படிந்திருந்தால் சூளைக்குப் போகும் முன்பே வெட்டியது என்று உறுதி.

கசிவை மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். யாமாகுச்சி மாநிலத்து ஹாகி நகரில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரியக் குயவர்கள் தொடங்கிவைத்த மண்பாண்டத் தொழில் இது. மணல் கலந்த களிமண்ணை முழுதாக இறுகிவிடாதபடி சுடுகிறார்கள். ஆறும்போது மெருகு மண்ணைவிட அதிகம் சுருங்குவதால் அதில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுகின்றன. அவற்றின் வழியே சாக்கே மண்ணுக்குள் இறங்கும்; நாள்பட நிறமும் மாறும். 'ஹாகியின் ஏழு மாற்றங்கள்' என்று சொல்லி இதற்காகவே விரும்பி வாங்குபவர்கள் பலர்.

கோப்பையை நன்றாக உலரவைத்து, தண்ணீர் நிரப்பி, வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். வளையம் முழுக்க ஒரே சீராக ஈரம் படர்ந்தால் அது மண்ணின் இயல்பு. ஒரே இடத்தில் துளி துளியாக வந்து, அதற்கு நேராக உள்ளேயும் வெளியேயும் ஒரு கோடு தெரிந்தால் விரிசல்தான்.

இயல்பான கசிவு என்றால் அரிசி கழுவிய நீரிலோ நீர்த்த கஞ்சியிலோ கோப்பையை அமிழ்த்தி, சிறு தீயில் சூடாக்கி, அந்த நீரிலேயே ஆறவிடுங்கள். மாவுச்சத்து துளைகளை அடைத்துவிடும். பிறகு கழுவி முழுதாகக் காயவையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

விரிசல் என்றால் படம் எடுத்து விற்றவருக்கு உடனே எழுதுங்கள். சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விரிசல் இல்லை, பிடிக்கவில்லை என்பதுதான் காரணம் என்றால், விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் திருப்பும் நிபந்தனையே செல்லும். அப்படி எதுவும் போடவில்லை என்றால் பொருள் கைக்கு வந்து 8 நாட்களுக்குள், அஞ்சல் செலவை நீங்கள் ஏற்றுத் திருப்பலாம். தகராறு வந்தால் 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

என்னைக் கேட்டால், கசியும் என்று விற்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டியது விற்றவரின் கடமை. அதை அவரிடம் எழுதிக் கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: மரப்பெட்டியும் அதில் குயவரின் கையெழுத்தும் இல்லாத கோப்பை போலியா?

பதில்: இல்லை. அன்றாடப் புழக்கத்துக்கான கோப்பைகள் பெட்டியில்லாமலும் விற்கப்படுகின்றன. குயவரே எழுதி முத்திரையிட்ட, கிரி (பவுலோனியா) என்ற மரத்தில் செய்த பெட்டி இருந்தால் விலை கூடும். பின்னாளில் விற்கவும் உதவும். பழைய பொருளாக வாங்கும்போது பெட்டியை மட்டும் நம்பிவிடாதீர்கள், பெட்டியை மாற்றி வைப்பது எளிது. அதில் எழுதியிருக்கும் பெயரும் கோப்பையின் அடியில் குத்திய முத்திரையும் ஒருவருடையவைதானா என்று படம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் அனுப்பத் தயங்குபவரிடம் பெட்டிக்கென்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.