வாசகர் கேள்வி பதில்: மன்னரும் உட்காராத ஆசனம்

கேள்வி: கானா நாட்டு அசாந்தி மன்னரைப் பற்றிய புத்தகம் ஒன்றில் தங்க ஆசனம் ஒன்றின் படம் பார்த்தேன். மன்னர் அதில் உட்காரவில்லை, அதையே ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். உட்காராத அரியணை எதற்கு?
- மதுரை வாசகர்

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அதில் யாரும் உட்காருவதில்லை, அசாந்திஹேனே எனப்படும் மன்னரும்கூட. பட்டமேற்கும்போது மூன்று முறை அவரை அதன் மேல் தாழ்த்திப் பிடித்து, உடம்பு படாமலேயே தூக்கிவிடுவார்கள். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒசெய் டுடு சிதறிக் கிடந்த அக்கான் இனக் குடிகளைச் சேர்த்து ஒரே அரசாக்கியபோது, அவருடைய பூசாரி ஒகோம்ஃபோ அனோச்சி வானத்திலிருந்து இந்த ஆசனத்தை வரவழைத்தார், அது நேராக ஒசெய் டுடுவின் மடியில் இறங்கியது என்று சொல்வார்கள். இறங்கியது வெள்ளிக்கிழமை. அங்கே வெள்ளிக்கிழமை பிறக்கும் ஆண் பிள்ளைக்குக் கோஃபி என்று பெயர் வைப்பது வழக்கம், ஆசனத்தின் பெயரும் சீகா த்வா கோஃபி. ஓர் ஆளுக்கு வைப்பது போலத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குள் இருப்பது மன்னரின் உயிர் அல்ல, இறந்தவர், இருப்பவர், இனிப் பிறக்கப் போகிறவர் என்று அசாந்தி மக்கள் அத்தனை பேரின் உயிர். அதனால்தான் அது தரையைத் தொடக்கூடாது.

இந்த நம்பிக்கை அரண்மனையில் தொடங்கியதும் அல்ல. சாதாரண வீட்டிலேயே ஒருவர் தன் மர ஆசனத்தை விட்டு எழுந்தால் அதைச் சாய்த்து வைத்துவிடுவார், வேறு ஆவி எதுவும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று. நல்லபடியாக ஆண்ட தலைவர் இறந்தால் அவருடைய ஆசனத்தைக் கரி பூசிக் கறுப்பாக்கித் தனி அறையில் வைத்துப் படையல் போடுகிறார்கள். தவறாக ஆண்டவரை ‘ஆசனத்திலிருந்து இறக்கிவிட்டார்கள்’ என்பார்கள், பதவி போனது என்று பொருள். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், ஆசனம் ஆளைவிடப் பெரியது என்பதுதான். மன்னர் அதைக் காவல் காப்பவர், அவ்வளவே.

இது புரியாமல் ஒருவர் பேசியதால் போரே மூண்டது. 1896-இல் மன்னர் பிரெம்பேயைப் பிரிட்டிஷார் பிடித்து நாடு கடத்தினார்கள், பின்னர் செஷல்ஸ் தீவுகளுக்கே அனுப்பிவிட்டார்கள். 1900 மார்ச்சில் பிரிட்டிஷ் ஆளுநர் ஃபிரெடரிக் ஹாட்ஜ்சன் அசாந்தித் தலைநகர் குமாசிக்கு வந்து, தலைவர்களைக் கூட்டி வைத்து, தங்க ஆசனம் எங்கே, அதில் என்னை ஏன் உட்கார வைக்கவில்லை என்று கேட்டார். ஒரு மக்களின் மொத்த உயிர் மீது ஏறி உட்காருகிறேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னதற்குச் சமம் அது. எஜிசு ஊரின் அரசித்தாய் (பெண் தலைவருக்கான பட்டம்) யா அசாந்தேவா முன்னின்று போரை நடத்தினார். தோற்றார்கள், அவரையும் செஷல்ஸுக்கு அனுப்பினார்கள், 1921-இல் அங்கேயே இறந்தார். ஆனால் ஆசனம் பிரிட்டிஷார் கைக்குக் கிடைக்கவே இல்லை, புதைத்து வைத்துவிட்டார்கள். சாலை போட்ட கூலியாட்கள் கண்ணில் அது பட்டு, அதிலிருந்த தங்கத்தைக் கழற்றி விற்றபோது, அசாந்தி மக்கள் ஊரே துக்கம் காத்தார்கள். அதற்குப் பிறகுதான் பிரிட்டிஷ் அரசு அந்த ஆசனத்தைக் கேட்பதில்லை என்ற முடிவுக்கு வந்தது.

கேள்வி: உடம்பெல்லாம் ஆணி அடித்த காங்கோ மரச்சிலைகள், எதிரிக்குச் செய்வினை வைக்கிற பொம்மைதானே?
- கோவில்பட்டி வாசகி

பதில்: இல்லைங்க. ஆணியைப் பார்த்ததும் அப்படித்தான் தோன்றும், ஆனால் எதிரியின் உருவம் செய்து அதில் ஆணி அடிக்கிற சமாச்சாரம் இதில் கிடையாது. காங்கோ மக்கள் இதை ‘என்கிசி என்கொண்டி’ என்கிறார்கள், என்கிசி என்றால் ஆவியின் சக்தி குடிகொண்ட பொருள், என்கொண்டி என்றால் வேட்டையாடுபவன். ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் சமாதானம் பேசி முடித்தாலோ, வழக்குத் தீர்ந்தாலோ, சிலை முன்னால் சத்தியம் செய்து ஓர் ஆணியோ இரும்புத் தகடோ அடிப்பார்கள். சொன்ன சொல்லை மீறியவனை அந்த வேட்டைக்காரன் தேடிப் போவான். ஆக, அந்தச் சிலை மேலே தெரிகிற இரும்பு முழுக்க ஒரு வட்டாரத்தின் ஒப்பந்தப் பத்திரங்கள். சத்தியம் செய்கிறவர் ஆணியை நாவால் நக்கிவிட்டு அடிப்பதும் உண்டு, யார் வாக்குக் கொடுத்தது என்று சிலைக்குத் தெரிய வேண்டுமே.

மரத்தைச் செதுக்கியதும் அதற்குச் சக்தி வந்துவிடாது. ‘என்கங்கா’ என்கிற பூசாரி-வைத்தியர் வயிற்றுக் குழியில் கல்லறை மண், வெள்ளைக் களிமண், மூலிகை எல்லாம் அடைத்து மேலே கண்ணாடி பதித்து மூடினால்தான் அது என்கிசி, அதுவரை வெறும் மரம். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் சிலை மறு உலகத்தைப் பார்க்கிறது. 1878-இல் அலெக்சாந்திர டெல்கொம்யூன் என்ற பெல்ஜிய வணிகர் போமா பகுதியில் நே குகோ என்ற தலைவரின் சிலையைப் பறித்துப் போனார், அது இன்று பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. ஒரு சிலையோடு அந்த ஊரின் நீதிமன்றமும் சேர்ந்து போய்விட்டது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

கேள்வி: பெனின் அரசர்களுடைய கலைப்பொருட்களில் மீன் அடிக்கடி வருகிறதே, ஏன்?
- ஈரோடு வாசகர்

பதில்: இது நைஜீரியாவின் பெனின் நகரம், பெனின் என்றே ஒரு நாடு இருக்கிறது, அது வேறு. மீன் என்று நீங்கள் சொல்வது சேற்று மீன். தண்ணீரிலும் இருக்கும், கரையில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கவும் செய்யும். மன்னர் ‘ஓபா’வும் இரண்டு உலகத்தைச் சேர்ந்தவர்: மண்ணில் அவர் அரசர், நீருக்கு அரசன் ஓலோகுன் என்ற தெய்வம், இருவரும் ஒருவருக்கொருவர் இணை. அதனால் சில வார்ப்புகளில் ஓபாவின் கால்களே மீனாக இருக்கும். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துகீசியர் கடல் வழியே வந்தபோது, வெளுத்த தோலோடு நீரைக் கடந்து வந்த அவர்களையும் ஓலோகுனின் உலகத்தோடு சேர்த்தே பார்த்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓபாவின் தாயான அரசித்தாய் இடியாவின் தந்த முகமூடி இருக்கிறது. அதன் தலைமேல் தாடிக்காரப் போர்த்துகீசியர் முகம், சேற்று மீன், மறுபடி முகம் என்று மாறி மாறி வரும், கட்டாயம் படம் தேடிப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்த வியாபாரியை மிரட்சியோடு பார்க்காமல் தங்கள் அரசியின் மகுடத்தில் ஒரு அணியாகக் கோத்துக்கொண்ட தன்னம்பிக்கை என்னை ஒவ்வொரு முறையும் அசத்துகிறது.

போர்த்துகீசியர் கொண்டுவந்த பித்தளை வளையங்களை உருக்கித்தான் பெரும்பாலான வார்ப்புகள் செய்தார்கள். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் செய்கிற அதே மெழுகு வார்ப்பு முறைதான். இறந்த ஓபாவின் தலையை வார்த்து, உச்சியில் இருக்கும் ஓட்டையில் செதுக்கிய யானைத் தந்தத்தைச் செருகி, பலிபீடத்தில் வைப்பது அடுத்து வரும் ஓபாவின் கடமை. 1897-இல் பிரிட்டிஷ் படை நகரத்தை எரித்து ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனது இந்தப் பலிபீடங்களிலிருந்தும்தான்.

கேள்வி: காங்கோவின் கூபா மன்னர் சிலை முன்னால் பல்லாங்குழிப் பலகை இருக்கிறதாமே, உண்மையா?
- யாழ்ப்பாணம் வாசகி

பதில்: உண்மை. 17-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஷியாம் என்ற மன்னருடைய மரச்சிலை, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பல்லாங்குழிக்கு உறவான ஆட்டம், அதை நாட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பது கூபா மரபு. கூபா மன்னர் சிலைகளின் முகம் எல்லாம் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும், முன்னால் வைத்திருக்கும் பொருளைப் பார்த்துத்தான் யார் என்று சொல்ல முடியும். போர் ஆயுதத்தை விட்டுவிட்டு ஒரு விளையாட்டால் தன் மன்னனை நினைவு வைத்தார்களே, எவ்வளவு அழகு!

கேள்வி: கொள்ளை போன அசாந்தி நகைகள் திரும்பி வந்துவிட்டனவா?
- சென்னை வாசகர்

பதில்: கொஞ்சம். 1874-இல் பிரிட்டிஷ் படை குமாசி அரண்மனையைச் சூறையாடியது. 150 ஆண்டு கழித்து, 2024-இல், பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் 32 பொருட்களைக் குமாசி மன்ஹியா அரண்மனைக்கு அனுப்பின. மன்னரின் ஆன்மாவைத் தூய்மைப்படுத்தும் பணியாளர்கள் மார்பில் அணிந்த வட்டத் தங்கப் பதக்கமும் அதில் உண்டு. ஆனால் அவை கடனாகத்தான் வந்திருக்கின்றன, மூன்று ஆண்டுக்கு, வேண்டுமானால் இன்னொரு மூன்று ஆண்டு நீட்டிக்கலாம். உரியவர்களுக்கே கடன் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸின் ஃபௌலர் அருங்காட்சியகம் 7 பொருட்களைக் கொடுத்தது. அவை மன்னரிடமே இருக்கும், திருப்பித் தர வேண்டியதில்லை.