வரைபடமும் மலைச்சரிவும்: வாசகர் கேள்வி பதில்

ஓரியன்டீரிங் குறித்துச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பை வாசித்த பலர் மலையகத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து எழுதியிருக்கிறார்கள். வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் துணைகொண்டு, காட்டிலும் வெட்டவெளியிலும் குறிக்கப்பட்ட கொன்ட்ரோல் நிலைகளை உரிய ஒழுங்கில் தேடிச் சென்று, இயன்றளவு குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கும் போட்டி அது. எழுதியவர்களிற் பெரும்பாலோர் ஏற்கெனவே ஓடிப் பழகியவர்கள் என்பதால், தொடக்கப் பாடங்களை விட்டுவிட்டு அவர்களுடைய கேள்விகளையே இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 44. நெடுந்தூர ஓட்டத்தில் நீண்டகால அனுபவம் உண்டு; உள்ளூரில் நடந்த ஓரியன்டீரிங் போட்டிகளிலும் பங்குபற்றியிருக்கிறேன். தேசிய அணியில் இடம்பெறாத என்னைப் போன்ற ஒருவர் உலக சம்பியன்ஷிப் ஒன்றில் ஓட முடியுமா? – வாசகர், தலவாக்கலை

முடியும். உலக ஓரியன்டீரிங் சம்பியன்ஷிப் என்பது தேசிய சம்மேளனங்கள் தெரிவுசெய்து அனுப்பும் வீரர்களுக்குரியது. 1966 ஆம் ஆண்டு பின்லாந்தின் பிஸ்கார்ஸ் என்னும் ஊரில் முதன்முதலாக நடைபெற்ற காலத்திலிருந்தே அதன் இயல்பு அதுதான். ஆனால் 35 வயதுக்கு மேற்பட்டோருக்காக நடத்தப்படும் உலக மாஸ்டர்ஸ் சம்பியன்ஷிப் அப்படிப்பட்டதன்று. அதற்குத் தேசியத் தெரிவு தேவையில்லை. ஓடுபவர் தாமே விண்ணப்பித்துத் தமது வயது வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம். வகுப்புகள் ஐந்தைந்து வயதாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் பிறந்தநாள் டிசம்பரில் வந்தாலும், எந்த ஆண்டில் 45 வயது நிறைகிறதோ அந்த ஆண்டு முழுவதும் நீங்கள் 45 வயது வகுப்பினராகவே கொள்ளப்படுவீர்கள். முதலில் தகுதிகாண் ஓட்டம் நடக்கும். அதன் பெறுபேற்றைக் கொண்டே இறுதிப் போட்டிகள் ஏ, பீ என்று பிரிக்கப்படுகின்றன. ஆகவே தகுதிகாண் ஓட்டத்தில் பின்தங்கினாலும், இறுதிப் போட்டி ஒன்றில் ஓடாமல் ஊர் திரும்ப நேராது.

இருந்தபோதிலும், முதலாவது வெளிநாட்டுப் போட்டியாக மாஸ்டர்ஸ் சம்பியன்ஷிப்பையே தேர்ந்தெடுப்பதை நான் விரும்பமாட்டேன். கடன்பட்டு விமானச்சீட்டு வாங்கிச் செல்லும் நம்மவர் ஒருவர், பழக்கமில்லாத நிலத்தில் முதல் நாளே தடுமாறி, அந்த நிலத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்கும்போது போட்டி முடிந்துவிடுவதில் பெரிய நட்டம் இருக்கிறது. சுவீடனில் 1965 முதல் நடந்துவரும் ஓ-ரிங்கன் என்னும் ஐந்து கட்டப் போட்டி யாவருக்கும் திறந்தது. சிறுவர் முதல் முதியோர் வரை எல்லா வயதினருக்கும் அங்கே தனித்தனி வகுப்புகள் உண்டு. ஒரே வகை நிலத்தில் திரும்பத் திரும்ப ஓடுவதால் முதல் நாளிற் புரியாத காடு போகப் போகப் பிடிபடும். அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்களுக்கு, இந்த விளையாட்டு நன்கு வேரூன்றிய ஹொங்கொங்கும் ஜப்பானும் இருக்கின்றன. ஹொங்கொங்கின் செங்குத்தான, புதர் அடர்ந்த சரிவுகள் நமக்கு அவ்வளவு அந்நியமாகவும் இரா.

கேள்வி: ஏற்றத்தில் என்னைவிட இளையவர்களையும் முந்திவிடுகிறேன். ஆயினும் என்னிலும் மெதுவாக ஓடுபவர்கள் ஒவ்வொரு முறையும் எனக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். எங்கே தவறுகிறேன்? – வாசகர், மஸ்கெலியா

உங்கள் கால் உங்கள் வாசிப்பை முந்துகிறது. மலைநாட்டு ஓட்டக்காரர்களுக்கு இந்த விளையாட்டில் ஏற்படும் முதன்மையான இடர் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இதற்குக் காரணம் நாம் வளர்ந்த முறையிலேயே இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் வழியைப் பாதைகளாலும் பெயர்களாலும் அறிந்துகொள்கிறார்: லயத்துக்குப் பின்னால் ஏறும் குறுக்குப் பாதை, கோயிலடி, ஸ்டோருக்குப் போகும் வண்டிப்பாதை, இத்தனையாம் நம்பர் மலை. பனிமூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டும் வீடு சேரக்கூடிய அறிவு அது. ஆனால் போட்டிக் காட்டில் அந்தப் பெயர்களும் இல்லை, பல வேளைகளில் பாதையும் இல்லை. எஞ்சியிருப்பது நிலத்தின் வடிவம் மட்டுமே. கொன்ட்ரோல் நிலையை அடையாளப்படுத்தும், முப்பது சென்ரிமீற்றர் அளவுள்ள செம்மஞ்சள், வெள்ளைக் கொடியை ஒரு சிறு மேட்டின் பின்புறத்திலோ, சரிவு உள்வாங்கும் ஒடுங்கிய பள்ளத்தின் தலைப்பிலோ, பாறையொன்றின் அடியிலோதான் வைத்திருப்பார்கள்.

பாடசாலையில் நாம் படித்த, ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் ஓரங்குலப் படத்தில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளுக்கிடையே 100 அடி, அதாவது ஏறத்தாழ 30 மீற்றர் இடைவெளி இருந்தது. ஓரியன்டீரிங் வரைபடத்தில் அந்த இடைவெளி வழமையாக 5 மீற்றர். நமது பழைய படத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்த இடத்தில் இங்கே இன்னும் ஐந்து கோடுகள் வளைந்து நெளிந்து ஓடும். போட்டியின் வெற்றி தோல்வி அந்த நெளிவுகளுக்குள்ளேயே தீர்மானிக்கப்படுகிறது. பெரிய மலையை ஒரே பார்வையில் அறிந்து பழகிய கண்ணுக்கு, ஆள் உயரமே உள்ள ஒரு மேடு பொருட்டாகத் தெரிவதில்லை. பனியாறுகள் தேய்த்துவிட்டுப் போன பின்லாந்திலும் சுவீடனிலும் காட்டின் பெரும்பகுதி இத்தகைய சிறு மேடுகளாலும் சதுப்புகளாலும் ஆனது.

உங்களுக்கு ஏமாற்றமளிக்கக்கூடிய இன்னொரு செய்தியையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல முறையில் அமைக்கப்பட்ட பாதைத்திட்டம் ஒன்றில் மொத்த ஏற்றம், அறிவுக்குகந்த மிகக் குறுகிய வழியின் நீளத்தில் 4 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது சர்வதேச சம்மேளனத்தின் வழிகாட்டல். பத்துக் கிலோமீற்றருக்கு 400 மீற்றர். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால் இது சொற்பமே. எனவே ஏற்றத்தில் உள்ள வலிமை உங்களுக்குத் தரும் அனுகூலம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு.

அதோடு, ஏறக்கூடியவர் என்பதாலேயே தேவையில்லாத ஏற்றத்தைத் தேர்ந்துகொள்ளும் பழக்கமும் உங்களிடம் இருக்கக்கூடும். பத்து மீற்றர் ஏறுவதற்குச் செலவாகும் நேரம், சமதரையில் ஏறத்தாழ நூறு மீற்றர் ஓடும் நேரத்துக்குச் சமம் என்று கணக்கிடுவது ஓட்டக்காரர்களின் வழக்கம். அடுத்த கொன்ட்ரோல் நேர்கோட்டில் 600 மீற்றர் தொலைவில் இருந்து, இடையே 60 மீற்றர் ஏறவேண்டியிருந்தால், அது 1200 மீற்றர் ஓடுவதற்கு ஒப்பானது; மலையைச் சுற்றிச் செல்லும் 950 மீற்றர் மட்டமான வழி அதைவிட மேலானது. இறங்கும் சரிவில் இழந்த நேரம் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். செங்குத்தான ஈரச்சரிவில் அது கிடைப்பதில்லை.

இரண்டு கொன்ட்ரோல்களுக்கு இடைப்பட்ட தூரத்தை முழுவதும் ஒரே வேகத்தில் ஓடாதீர்கள். புறப்படுமுன் கொன்ட்ரோலுக்கு அருகில், தவறவிட முடியாத ஓரிடத்தை வரைபடத்திற் குறித்துக்கொள்ளுங்கள்: ஓடைகள் சேருமிடம், வேலி மூலை, பெரும்பாறை, எதுவாயினும் சரி. அதுவரை உங்கள் முழு வேகத்தையும் காட்டலாம். அங்கிருந்து கொடிவரையுள்ள கடைசி நூறு, நூற்றைம்பது மீற்றரில் வேகத்தைக் குறைத்து, பெருவிரலை வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தின்மேல் வைத்தபடி, ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் படத்தோடு ஒப்பிட்டுச் செல்லுங்கள். உங்களுக்கு முன்பே முடிக்கும் அந்த மெதுவான ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். வரைபடத்தில் கொன்ட்ரோலைச் சுற்றி வரையப்பட்டிருக்கும் வட்டத்துக்குள் நீங்கள் வந்து சுற்றித் திரியும் நிமிடங்கள் அவர்களுக்கு மீதமாகின்றன.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஓப்பன் ஓரியன்டீரிங் மெப்பர் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உங்கள் பகுதியின் படத்தை ஆக்கி, பாதைகளுக்கும் கட்டடங்களுக்கும் உரிய குறியீடுகள் யாவற்றையும் மறைத்துவிட்டு, சமவுயரக் கோடுகளையும் நீரோடைகளையும் மட்டும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். நன்கு தெரிந்த இடமே முதல் சில தடவைகளில் அந்நியமாகத் தோன்றும். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே வெட்டப்பட்டிருக்கும் கான்கள், அதாவது நீர் வடியும் வாய்க்கால்கள், ஏறத்தாழ சமவுயரக் கோட்டின் போக்கிலேயே செல்வன. அவற்றின் ஓரத்தில் நடந்து, வலப்புறமும் இடப்புறமும் திரும்பும் இடங்களைப் படத்திலுள்ள வளைவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தாளிலுள்ள பழுப்புக் கோடு காலுக்குப் புரியத் தொடங்கும். இத்தகைய பாடநூல் ஐரோப்பியக் காடுகளில் ஓடுபவர்களுக்கு இல்லை.

கேள்வி: ஐரோப்பாவில் வசிக்கும் என் தம்பி நல்ல திசைகாட்டி ஒன்றை வாங்கி அனுப்பினான். ஆனால் இங்கே ஊசி ஒரு பக்கம் சாய்ந்து, அடியில் உரசி நின்றுவிடுகிறது. பழுதா? – ஆசிரியை ஒருவர், பண்டாரவளை

பழுதன்று. பூமியின் காந்தப்புலம் எல்லா இடங்களிலும் தரைக்குச் சமாந்தரமாக இருப்பதில்லை. சுவீடனில் அது 70 பாகைக்கும் அதிகமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், ஊசியின் வடமுனை நிலத்தை நோக்கி இழுக்கப்படும். அதைச் சமன்செய்யத் தயாரிப்பாளர்கள் தென்பாதியைச் சற்றுக் கனமாக்குகிறார்கள். காந்தப்புலம் தரைக்குச் சமாந்தரமாக இருக்கும் இடங்களை இணைக்கும் காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் ஊடாக, நமக்குச் சற்று வடக்கே செல்வதால், இலங்கையில் ஊசி கிட்டத்தட்ட மட்டமாகவே நிற்க வேண்டும். வடமுனையை இழுக்கும் விசை இங்கே இல்லாதபோது கனமான தென்பாதி தாழ்ந்துவிடுகிறது. இதனாலேயே திசைகாட்டிகளை உலகப் பகுதிவாரியாகத் தயாரிக்கிறார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் ஏற்ற ஊசியுடைய வகையும் உண்டு. விலை கூடியது, ஆயினும் வெளிநாட்டிலும் ஓட எண்ணுபவருக்கு அதுவே நல்லது. தம்பி அனுப்பியதை வீசிவிடாதீர்கள், ஐரோப்பாவில் ஓடச் செல்லும்போது அதுதான் சரியாக வேலை செய்யும்.

ஓரியன்டீரிங் வரைபடத்தில் வடக்குக் கோடுகள் காந்த வடக்கையே காட்டுவதால் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. நில அளவைத் திணைக்களத்தின் படங்களைப் பயன்படுத்தும்போது, படத்தின் வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையே வேறுபாடு உண்டு. நமது நாட்டில் அது சில பாகைகளே.

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து பயிற்சி செய்ய விரும்புகிறோம். ஹோட்டன் சமவெளி பொருத்தமாகுமா? – வாசகர், வெலிமடை

ஆகாது. அது தேசிய பூங்கா. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. அங்கே பாதையை விட்டு விலகுவதற்கு அனுமதியில்லை, விலகவும் கூடாது. தியத்தலாவையைச் சுற்றிய புல்வெளிகள் நிலவடிவத்தை வாசிப்பதற்கு அருமையானவை. ஆனால் அங்கே இராணுவத்துக்குரிய நிலங்கள் இருப்பதால் விசாரிக்காமல் இறங்கவேண்டாம். உங்கள் பக்கத்தில் பைனஸ் காடுகள் இருக்கின்றன. சூழலியல் நோக்கில் அவற்றைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. எனினும் அடிநிலம் புதரின்றி இருப்பதால், வரைபடத்தில் வெள்ளை நிறத்தாற் காட்டப்படும் ‘தடையின்றி ஓடக்கூடிய காடு’ என்பதற்கு நம்மிடமுள்ள மிக நெருங்கிய உதாரணம் அதுவே. உதிர்ந்த ஊசியிலைகள் வழுக்கும், கட்டைகள் பதித்த சப்பாத்து அவசியம்.

தோட்டத்துக்குள் ஓடுவதானால் முகாமையாளரிடம் அனுமதி பெறுங்கள்; அதோடு நில்லாமல், அங்கே வேலை செய்யும் அக்காமார், அண்ணன்மாரிடமும் முதலிலேயே சொல்லிவையுங்கள். எந்த மரத்திற் குளவிக்கூடு இருக்கிறது, எந்தக் காட்டோரத்திற் சிறுத்தை கண்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். குளவி கொட்டி மலையிலேயே உயிரிழந்த தொழிலாளர்கள் உண்டு. இதைச் சிறு விடயமாகக் கொள்ளாதீர்கள். கொழுந்து பறிக்கும் மலையில் செடிகளுக்கு ஊடாக ஓடுவது அவர்களுடைய உழைப்பைக் கெடுப்பதாகும். கவ்வாத்து வெட்டிய மலையில் கூரிய குச்சிகள் தொடையைக் கிழிக்கும், செடி மூடிய கானில் கால் முறியும்; இரண்டையும் உங்கள் பயிற்சிப் படத்தில் கடக்கக்கூடாத பகுதியாகவே குறித்துவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில் எந்தச் சரிவிலும் பயிற்சி வேண்டாம்.

கேள்வி: கண் பார்வை மங்குகிறது, ஓடும்போது வரைபடத்தின் நுண்ணிய குறிகள் தெரிவதில்லை. ஜீ.பி.எஸ். கைக்கடிகாரத்தின் உதவியைப் பெறலாமா? – வாசகர், 58 வயது, பசறை

வழியறிய அதைப் பயன்படுத்துவது விதிக்கு மாறானது. வரைபடம் காட்டும் கருவி எதற்கும் அனுமதியில்லை. ஓடிய பாதையைப் பதிவுசெய்து, போட்டி முடிந்தபின் லைவ்லொக்ஸ் போன்ற தளத்தில் மற்றவர்களுடைய வழிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் கடிகாரம் மிகவும் உதவும். ஐம்பது கடந்த ஓட்டக்காரர் பலருக்கும் உள்ள குறை உங்களுடையது. அமைப்பாளர்களும் அதை அறிவார்கள். காட்டு ஓட்டத்தின் அடிப்படை அளவுத்திட்டம் 1:15,000 ஆயினும், வயது கூடிய வகுப்புகளுக்கு 1:10,000 ஆகவோ 1:7,500 ஆகவோ பெரிதாக்கித் தருவது வழக்கம். பெருவிரலில் மாட்டும் திசைகாட்டியோடு இணைக்கக்கூடிய உருப்பெருக்கிக் கண்ணாடியும் விற்பனைக்கு உண்டு. வாசிப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஓடுவதைவிட அது பாதுகாப்பானது, ஏனெனில் அருகிலுள்ளதைப் பார்ப்பதற்கான கண்ணாடியூடாகத் தரையைப் பார்த்தால் கல்லும் வேரும் மங்கலாகித் தடுக்கி விழுவீர்கள். வாங்கியதும் வீட்டு முற்றத்தில் மட்டும் சோதித்துப் பார்க்காமல், மாலை மங்கலிலும் மழைத்தூறலிலும், உறையிலிட்ட வரைபடத்தோடு மரநிழலில் ஓடிப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.