போதைப்பொருள் தடையை எடுத்துவிட்டால் துறைமுகக் கடத்தல் நின்றுவிடுமா?

நிற்காது. பட்டிமன்றத்துக்கோ கல்லூரிக் கட்டுரைக்கோ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உடனே போர்ச்சுகலைக் காட்டுவார்கள். அங்கே 2001-இல் விலக்கியது, பத்து நாள் உபயோக அளவுக்குள் கையில் வைத்திருப்பவர் மீதான கிரிமினல் வழக்கை மட்டும்தான். கடத்தலும் விற்பனையும் அங்கே இன்றும் குற்றம். ஆகவே கன்டெய்னர் பெட்டியைச் சோதிக்கிற வேலை எங்கேயும் தீராது.

ஸ்கேனர் இருக்கிறதே என்பார்கள். எல்லாக் கன்டெய்னரும் அதற்குள் போவதில்லை. சுங்கத்துறையின் கணினி பொறுக்குவதுதான் போகும். போனாலும், ஒரே மாதிரி மூட்டைகளுக்குள் தூளாகக் கலந்து வந்தால் படத்தில் பிரித்தறிவது கடினம். 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னரில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. காகிதத்தில் டால்க் கல் என்றிருந்தது.

வடசென்னையில் எனக்குக் கவலை சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வெளியேதான். சிஎஃப்எஸ் என்னும் கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் சீல் போட்ட ஏற்றுமதிப் பெட்டி எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் மணிக்கணக்காக நிற்கிறது. ஓட்டுநர் கழிப்பறை தேடி இறங்கித்தானே ஆக வேண்டும்? அவருக்கு ஒதுங்க இடம் கட்டித் தராமல் எல்லைப் பாதுகாப்பு பற்றிப் பேசுவது எரிச்சலாக இருக்கிறது.

அந்த இடைவெளியில் யாராவது பெட்டிக்குள் சரக்கை வைத்துவிடலாம். அதற்குக் கதவில் போட்ட போல்ட் சீலை (ஆணி போன்ற இரும்புச் சீல்) வெட்ட வேண்டியதில்லை. கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவிட்டைக் கழற்றினால் சீல் அப்படியே இருக்கக் கதவு திறந்துவிடும். அதனால், ஓட்டுநர்களே, வண்டியை விட்டு இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் ரிவிட் தலையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, சுற்றிலும் துரு இருக்க அது மட்டும் புதுப் பெயின்டில் மின்னினாலோ, பசை ஒட்டினாலோ சந்தேகப்படுங்கள். காலிப் பெட்டி எடுக்கும்போது உள்ளே டேப் வைத்து அளக்க வேண்டும். இருபதடிப் பெட்டியின் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், ஒரு சாண் குறைந்தாலும் முன்சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் இருக்கலாம். ரீஃபர் (குளிரூட்டிய பெட்டி) என்றால் மோட்டார் அறையின் மூடித் திருகுகளில் புதுக் கீறல் இருக்கிறதா பார்க்க வேண்டும்.

ஓட்டுநர்களுக்கு இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பொருள் அவர் வசம் இருந்ததாகிவிட்டால், தெரிந்தே வைத்திருந்தார் என்றுதான் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் (என்டிபிஎஸ்) 35, 54 பிரிவுகள் தொடங்கும். தெரியாது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஹெராயின் 250 கிராம், கஞ்சா 20 கிலோ என்ற வணிக அளவைத் தாண்டினால் 37-ஆம் பிரிவு ஜாமீனை ஏறக்குறைய அடைத்துவிடும். ஹெராயினில் கலந்த மாவின் எடையும் கணக்கில் சேரும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடத்தல்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். அவன் உள்ளேதான் இருக்க வேண்டும். ஆனால் வியாசர்பாடியில் போதைக்கு அடிமையான பையனைச் சிறைக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. சிறு அளவு வழக்கில் சிக்கிய அடிமை தானே முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து காக்கும் 64ஏ பிரிவு இதே சட்டத்தில் இருக்கிறது. வக்கீலிடம் அதைக் கேளுங்கள். பாதியில் சிகிச்சையை விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

ஓட்டுநரின் குடும்பத்தில் யாராவது இதைப் படித்தால்: சிஎஃப்எஸ்ஸை விட்டுக் கிளம்பும்போதே சீல் எண், ரிவிட், நான்கு கதவுக் கம்பிகள் எல்லாம் தெரிகிறபடி நேரத்தோடு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். துறைமுகத்துக்குள் பெட்டியைக் கொண்டுபோகத் தரும் ஃபார்ம் 13-இல் ஒரு எண், கதவில் வேறு எண் என்றால் கேட்டைத் தாண்டாமல் அங்கேயே சுங்க அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.