பின் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட்: திருகு ஓரத்தில் விரிசல்

வண்டியின் பின்பக்கக் கண்ணாடிக்குப் பதில் போட்ட 4 மி.மீ. பாலிகார்பனேட் (கண்ணாடி மாதிரித் தெளிவான, உறுதியான பிளாஸ்டிக்) ஷீட்டில் திருகுகளைச் சுற்றி மயிரிழை விரிசல் என்று கேட்டிருக்கிறீர்கள். இறுக்கிப் பூட்டியதுதான் காரணம். 1 மீட்டர் ஷீட், வெப்பம் 40 டிகிரி ஏறினால் 2.5 மி.மீ.க்கு மேல் நீளும். நகர இடமில்லாவிட்டால் துளையோரம்தான் பிளக்கும்.

விரிசல் விட்டதைத் திரும்பப் போடாதீர்கள். புது ஷீட்டில் 5 மி.மீ. திருகுக்கு 8 மி.மீ. துளை, விளிம்பிலிருந்து குறைந்தது 16 மி.மீ. தள்ளி. துளையின் உள்வட்டத்தை நைஸ் உப்புத்தாளால் பிசிறில்லாமல் தேயுங்கள். விரிசல் பிசிறில்தான் ஆரம்பிக்கும். தலை உள்ளே பதியும் திருகு ஆப்பு மாதிரிப் பிளக்கும், வேண்டாம். தட்டைத் தலைத் திருகு, வெயில், மழை தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பரில் அகல வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, கழலாத நட்). வாஷர் லேசாக அமுங்கினால் போதும்.

மரை கழலாமலிருக்க விடும் லாக்டைட் வகைப் பசை பாலிகார்பனேட்டை அரித்து வெடிக்கவைக்கும், ஒரு சொட்டும் படக்கூடாது. தின்னர், அம்மோனியா கிளீனரும் அப்படியே. சோப்புத் தண்ணீர், மென்துணி மட்டும்.

தெருவில் ஓட்டும் வண்டி என்பதால் கீறல் தாங்கும் ஹார்டுகோட் ஷீட்டே வாங்குங்கள். முன் கண்ணாடியை மட்டும் பாலிகார்பனேட்டுக்கு மாற்றாதீர்கள்.