போனில் இணையம்: யாருக்கு என்ன தெரிகிறது? கேள்வி பதில்

போனில் இணையம் பார்க்கும்போது சொந்தத் தகவல்களைக் காப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நான் எதைத் தேடினாலும் இன்காக்னிட்டோ என்ற மறைநிலை ஜன்னலில்தான் தேடுகிறேன். அப்படியும் மறுநாளே அதே பொருளின் விளம்பரம் வந்து நிற்கிறது. பிறகு எதற்கு அந்த வசதி?

உங்கள் போனை வாங்கிப் பார்ப்பவருக்குத் தெரியாமல் இருக்கத்தான். ஜன்னலை மூடியதும் ஹிஸ்டரி, குக்கீ (உங்களை அடையாளம் காணத் தளங்கள் போனில் வைக்கும் சிறு குறிப்பு), படிவங்களில் அடித்தது எல்லாம் போனிலிருந்து போய்விடும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் போன தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்கு உள்ள எண், கிடைத்துவிட்டது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியும். அலுவலக வைஃபை என்றால் அலுவலகத்துக்கும் தெரியலாம். அந்த ஜன்னலுக்குள்ளேயே ஜிமெயிலிலோ ஃபேஸ்புக்கிலோ லாகின் செய்தால் கதை முடிந்தது. பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறீர்கள்.

இதை வைத்தே 2020-இல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். மறைநிலையில் இருந்தவர்களையும் அதன் விளம்பர நிரல்கள் பின்தொடர்ந்தன என்பது புகார். 2024-இல் சமரசத்துக்கு வந்து, நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

அதனால் எந்தக் கருவியை எடுப்பதற்கு முன்னாலும் யாரிடமிருந்து மறைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். வீட்டில் இருப்பவரா, இணைப்பு தருபவரா, விளம்பரக் கம்பெனியா? ஒவ்வொருவருக்கும் வழி வேறு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பொத்தான் எந்தப் போனிலும் இல்லை.

கேள்வி: சார், முகவரிப் பட்டியில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று படித்தேன். இப்போது குரோமில் அந்தப் பூட்டையே காணோமே?

2023-இல் எடுத்துவிட்டார்கள். பூட்டைப் பார்த்ததும் தளமே யோக்கியமானது என்று பலரும் நினைத்துக்கொண்டதுதான் காரணம். தள முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் (https) இருந்தால் போனுக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது, அவ்வளவே. மறுமுனையில் மோசடிக்காரன் உட்கார்ந்திருந்தால் உங்கள் பாஸ்வேர்டு அவனிடம் பத்திரமாகப் போய்ச் சேரும்! அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் போலித் தளங்களிலும் எச்டிடிபிஎஸ் உண்டு.

அது எதை மறைக்கிறது என்று கேட்டால்: ஒரு மருத்துவத் தளத்தில் எந்த நோயைப் பற்றிப் படித்தீர்கள் என்பது நடுவில் இருப்பவருக்குத் தெரியாது. அந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும்.

கேள்வி: அண்ணா, காசு கேட்காத விபிஎன் ஒன்று போட்டிருக்கிறேன். பொது வைஃபையில் இனி பயமில்லைதானே?

தம்பி, விபிஎன் என்பது உன் இணையப் போக்குவரத்தை வேறொரு கம்பெனியின் கணினி வழியாகத் திருப்பிவிடும் வசதி. இதுவரை வைஃபைக்காரர் பார்த்ததை இனி விபிஎன் கம்பெனி பார்க்கும். ஆள் மாறியிருக்கிறார், பார்வை மாறவில்லை. ஒனாவோ என்ற இலவச விபிஎன்னை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. தகவலைப் பாதுகாக்கும் ஆப் என்று விளம்பரம் செய்துகொண்டே, பயனர்கள் எந்தெந்த ஆப்களை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தைச் சேகரித்தார்கள். 2019-இல் அதை மூடினார்கள். 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. யார் நடத்துகிறார்கள், எதில் வருமானம் என்று தெரியாத விபிஎன்னைவிட விபிஎன் இல்லாமல் இருப்பதே மேல்.

பொது வைஃபையில் எச்டிடிபிஎஸ் பெரும்பாலான வேலையைப் பார்த்துவிடுகிறது. பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் மட்டும், அவசரம் என்று தாண்டிப் போகாதே.

கேள்வி: தோழியிடம் ஒரு பொருளைப் பற்றிப் பேசினேன், தேடவே இல்லை. மாலையில் அதன் விளம்பரம் வந்தது. போன் ஒட்டுக்கேட்கிறதா?

அதிகம் வந்த கேள்வி இதுதான். 2018-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கை இயக்கி ஒலியை வெளியே அனுப்பியதாக ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் திரையில் நடப்பதைப் பதிவு செய்து வெளியே அனுப்பிய ஆப்கள் அகப்பட்டன. எல்லாரும் மைக்கைச் சந்தேகித்துக்கொண்டிருக்க, திரை கசிந்துகொண்டிருந்தது.

சரி, விளம்பரம் எப்படி வந்தது? நீங்கள் தேடவில்லை, தோழி தேடியிருப்பார். இருவரும் ஒரே வைஃபையில் இருந்தால் வெளியே தெரிவது ஒரே ஐபி முகவரி. இது போக, ஒவ்வொரு போனிலும் ஒரு விளம்பர ஐடி இருக்கிறது. வானிலை ஆப்பில் நீங்கள் செய்ததையும் விளையாட்டு ஆப்பில் செய்ததையும் ஒரே ஆளின் கணக்கில் சேர்க்க அது உதவுகிறது. ஆண்ட்ராய்டு 12 முதல் அதை நீக்கிவிடலாம். அமைப்புகளில் தனியுரிமை, அதற்குள் விளம்பரங்கள் என்று போங்கள். போனுக்குப் போன் மெனு கொஞ்சம் மாறும். நீக்கியபின் அந்த ஐடியைக் கேட்கும் ஆப்புக்கு வெறும் பூஜ்ஜியங்கள்தான் கிடைக்கும். ஐபோனில் 2021 முதல், பின்தொடர விரும்பும் ஆப் உங்களைக் கேட்டாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மைக் பற்றிச் சந்தேகம் தீரவில்லையென்றால் திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். மைக் இயங்கும்போது ஐபோனில் ஆரஞ்சுப் புள்ளி, புதிய ஆண்ட்ராய்டு போன்களில் பச்சைக் குறி தெரியும்.

கேள்வி: குக்கீயை ஏற்கவா என்று தளத்துக்குத் தளம் கேட்கிறதே, என்ன செய்ய?

நிராகரியுங்கள். தளம் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். அப்புறம் பிரவுசர் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கீயை, அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாமல் விளம்பரக் கம்பெனி போன்ற வேறொருவர் வைப்பதை, தடுத்துவிடுங்கள். சஃபாரி 2020 முதல் தானே தடுக்கிறது. குரோமும் தடுக்கும் என்று பல வருடம் சொல்லி, 2024-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

கேள்வி: முன்பக்கக் கேமராவில் டேப் ஒட்டலாமா?

தாராளமாக. செல்ஃபி மங்கலாக வரும்.

கேள்வி: ஆப்பில் வரும் லிங்கை அதற்குள்ளேயே திறப்பதில் என்ன தப்பு?

திறப்பது உங்கள் பிரவுசர் இல்லை, அந்த ஆப்பின் சொந்த ஜன்னல். 2022-இல் ஃபெலிக்ஸ் கிரவுஸ் என்ற நிரலாளர் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக் ஆப்களின் உள் ஜன்னல்களை ஆராய்ந்தார். நாம் திறக்கும் பக்கத்துக்குள் அவை தங்கள் நிரலையும் சொருகுவது தெரிந்தது. தட்டச்சு செய்வதைச் சேகரித்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கவனிக்க முடியும் என்பதைக் காட்டினார். மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு வெளிப் பிரவுசரில் திறங்கள். முக்கியமாக, பாஸ்வேர்டு கேட்கும் பக்கங்களை.

கேள்வி: 'நான் ரோபோ இல்லை என்று காட்ட அலோவை அழுத்தவும்' என்றது ஒரு தளம். அழுத்தினேன். அன்றிலிருந்து 'போனில் வைரஸ்' என்று ஓயாமல் வருகிறது.

வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். அறிவிப்பு அனுப்ப அந்தத் தளத்துக்கு நீங்களே அனுமதி கொடுத்துவிட்டீர்கள். குரோமில் மூன்று புள்ளி, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். வாயில் நுழையாத பெயர் ஒன்று அதில் உட்கார்ந்திருக்கும், அதைத் தடுங்கள். அது நிறுவச் சொல்லும் 'கிளீனர்' ஆப்பைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பாஸ்வேர்டைப் பிரவுசரிலேயே சேமிக்கலாமா? கூடவே கூடாது என்கிறார் மாமா.

ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுவதைவிட இது எவ்வளவோ நல்லது. அதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. சேமித்த பாஸ்வேர்டை, அதைச் சேமித்த முகவரியில்தான் பிரவுசர் நிரப்பித் தரும். ஓர் எழுத்து மாறிய போலித் தளம் உங்கள் கண்ணை ஏமாற்றலாம், அதை ஏமாற்றாது. வழக்கமாகத் தானே நிரப்புவது ஒருநாள் பேசாமல் இருந்தால், நீங்களாக அடிக்காமல் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். போனின் பூட்டு எண் 1234 என்றால் மட்டும் மாமா சொல்வதே சரி.

கேள்வி: கடைசியாக ஒன்று. நீங்கள் எந்தப் பிரவுசர்?

ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ். விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை அதில் சேர்க்க முடிகிறது, போன் குரோமில் முடியாது. சில தளங்கள் அடம்பிடிக்கும்போது மட்டும் குரோம்.