சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. 15 வருடக் குடி. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 10 நாள் சேர்த்துப் பார்த்தோம். வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது, இதுவரை குடிக்கவில்லை. ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டத்துக்கு அனுப்பச் சொன்னார் டாக்டர். நாங்கள் இருப்பது திருச்சியிலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளி. கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? "தெரிந்தவர்கள் பார்த்தால் மானம் போய்விடும், அதுவும் சர்ச்சில் நடக்கிறதாமே" என்கிறார் இவர்.

பதில்: மூன்று வாரம் குடிக்காமல் இருப்பது பெரிய விஷயம். மருத்துவமனையில் செய்தது உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கிய வேலை. கை நடுக்கமும் தூக்கமின்மையும் அதில் தணிந்திருக்கும். ஆனால் 15 வருடமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போய்ப் பழகினாரோ, அந்த ஆறு மணி தினமும் வரும். ஏஏ கூட்டங்கள் பெரும்பாலும் அந்த வேளையில்தான் நடக்கின்றன. அதனால் பேர்பெற்ற குழுவாகத் தேட வேண்டாம். அவர் வேலை முடிந்து பஸ் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய, திரும்பிவரக் கடைசி பஸ் கிடைக்கக்கூடிய குழுவாகத் தேடுங்கள்.

முதலில், அவர் சேர்ந்திருந்த வார்டுக்கே போய் மனநல சமூகப் பணியாளரையோ நர்ஸையோ கேளுங்கள். பல மருத்துவமனைகளுக்கு ஏஏ உறுப்பினர்கள் வந்து உள்நோயாளிகளோடு பேசுவது வழக்கம். அவர்கள் வரும் நாளில் நேரில் பார்த்துவிட்டால், முதல் கூட்டத்துக்குத் துணைக்கு ஆள் கிடைத்த மாதிரி. இன்னொரு வழி 14446. போதை மீட்புக்கான மத்திய அரசின் கட்டணமில்லா எண். மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. ஏஏ இந்தியாவின் இணையதளத்திலும் ஊர்வாரியாகத் தேடலாம். எந்த வழியில் முகவரி கிடைத்தாலும், கிளம்புவதற்கு முன் அந்தக் குழுவின் தொடர்பு எண்ணில் கிழமையையும் நேரத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இடம் மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் இரண்டாம் முறை கிளம்புவது கஷ்டம். வாசலில் பெரிய போர்டு எதிர்பார்க்காதீர்கள், வாட்ச்மேனிடம் "ஏஏ மீட்டிங்" என்றால் அறையைக் காட்டுவார்.

தேடும்போது ஒரு குழப்பம் வரும். "போதை மறுவாழ்வு இல்லம்" வேறு, ஏஏ வேறு. ஏஏ யாரையும் உள்ளே வைத்துப் பூட்டாது, மாத்திரை தராது, வேன் அனுப்பி ஆளைத் தூக்காது, கட்டணம் கேட்காது. கூட்டத்தில் தட்டு சுற்றிவரும். அதில் போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். போனிலேயே ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் அது ஏஏ இல்லை. எந்த இல்லமானாலும் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மானம் பற்றிய பயத்துக்கு வருகிறேன். அந்த அறையில் இருப்பது கொஞ்சம் நாற்காலிகளும் டீயும். சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். அவரைத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது நடைமுறை. ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் அனுபவத்தைச் சொல்வார்கள். இவர் பேச வேண்டிய கட்டாயமில்லை. "இன்று கேட்க வந்தேன்" என்றால் போதும். கதவோரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும். சர்ச் வளாகத்தில் நடப்பதற்குக் காரணம் அங்கே அறை கிடைப்பதுதான்; ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கடவுள் பேச்சு வரும், ஆனால் அது அவரவர் புரிந்துகொண்ட கடவுள்.

ஒரே கூட்டத்தை வைத்து "சரிப்பட்டு வராது" என்று முடிவு கட்ட விடாதீர்கள். குறைந்தது ஆறு கூட்டம், முடிந்தால் இரண்டு வேறு குழுக்கள். முதல் 90 நாளில் 90 கூட்டம் என்று பழைய உறுப்பினர்கள் சொல்வார்கள். உங்கள் ஊர்த் தூரத்துக்கு அது நடக்காது. வாரம் இரண்டு நாள் நேரில், மற்ற நாள்களில் தமிழ் இணையவழிக் கூட்டம் அல்லது ஒரு உறுப்பினருக்குப் போன். முதல் நாளே இரண்டு மூன்று பேரின் எண்ணை வாங்கிவரச் சொல்லுங்கள். குடிக்கத் தோன்றும்போது, குடிப்பதற்கு முன் கூப்பிட வேண்டிய எண்கள் அவை. பிறகு, சில வருடம் குடியில்லாமல் இருக்கும் ஓர் ஆண் உறுப்பினரை ஸ்பான்சராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் துணையாக, வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை விஷயம். "மாத்திரையும் ஒரு போதைதான், விட்டுவிடு" என்று யாராவது ஒரு உறுப்பினர் சொல்லக்கூடும். அது ஏஏயின் நிலைப்பாடு அல்ல; உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்றே ஏஏ சொல்கிறது. மாத்திரையை நிறுத்துவதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) கொடுத்திருந்தால், அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த வேகம் உடம்பில் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். குடிநோயாளியின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் உண்டு. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். பாக்கெட்டைத் துழாவுவது, வாயை முகர்ந்து பார்ப்பது, விடிய விடியக் காவல் இருப்பது இவற்றிலிருந்து உங்களுக்கும் விடுதலை வேண்டுமே.

மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு அப்படியே போகட்டும், யாரும் விரட்ட மாட்டார்கள். ஆனால் பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் வீட்டிலேயே திடீரென நிறுத்த வேண்டாம், நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்குமேல் ஆள் தெரியாமல் உளறுவது, இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் வரலாம். இதில் எது வந்தாலும் உடனே 108.