எக்கோவைப் பார்த்தே பேஸ்மேக்கரின் பலனைச் சொல்லிவிட முடியுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. இதயச் செயலிழப்புக்காக ஓராண்டாக மருந்து சாப்பிட்டும், சில படிகள் ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எக்கோவில் பம்பிங் திறன் 28 சதவீதம், இ.சி.ஜி.யில் இடப்பக்க மின்பாதையில் அடைப்பு, க்யூ.ஆர்.எஸ். அகலம் (இதயக் கீழறைகளில் மின்துடிப்பு பரவ எடுக்கும் நேரம்) 160 மில்லி விநாடி என்று எழுதியிருக்கிறார்கள். சி.ஆர்.டி. என்னும் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லும் மருத்துவரே, சிலருக்கு அது பலன் தராது என்றும் சொல்கிறார். பலன் தருமா என்பதை எக்கோவிலேயே முன்கூட்டி அறிய முடியாதா?
- வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கேள்வி இதய மருத்துவர்களையும் நெடுங்காலமாக அலைக்கழித்த கேள்விதான்.

மின்பாதையில் அடைப்பு இருக்கும்போது இடது கீழறையின் நடுச்சுவர் முதலில் சுருங்கி, பக்கச்சுவர் பிந்திச் சுருங்குகிறது. ஒன்று அழுத்தும் நேரத்தில் மற்றொன்று தளர்ந்திருப்பதால் இரத்தம் வெளியே தள்ளப்படாமல் உள்ளேயே ஊசலாடுகிறது. சி.ஆர்.டி. இரு பக்கங்களையும் சேர்த்துத் தூண்டி இழந்த ஒத்திசைவை மீட்கிறது. ஒத்திசைவின்மையை எக்கோவில் அளந்துவிட்டால் பலனையும் கணித்துவிடலாம் என்று நம்பியதில் தவறில்லை. ஆனால் 53 மருத்துவ மையங்களில் நடந்து 2008இல் வெளியான ப்ராஸ்பெக்ட் ஆய்வில், 12 வகை எக்கோ அளவீடுகளில் ஒன்றுகூட நம்பத்தக்க முன்கணிப்பைத் தரவில்லை. ஒரே பதிவை இருவர் அளந்தால் இரு விடை வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்து வந்த எக்கோ சி.ஆர்.டி. ஆய்வை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். க்யூ.ஆர்.எஸ். அகலம் 130 மில்லி விநாடிக்குக் குறைவாக இருந்தும், எக்கோவில் ஒத்திசைவின்மை தெரிந்த 809 பேருக்குக் கருவி பொருத்தி, ஒரு பிரிவினருக்கு மட்டும் சி.ஆர்.டி.யை இயக்கினார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, இயக்கியவர்களில் 11.1 சதவீதம் பேரும், இயக்காதவர்களில் 6.4 சதவீதம் பேரும் இறந்தார்கள். எக்கோவை மட்டும் நம்பி முடிவெடுப்பது உயிருக்கே தீங்காகலாம் என்பதால்தான், இன்றும் முதல் தீர்ப்பு இ.சி.ஜி.யிடம் இருக்கிறது. அகலம் 150க்கு மேல், இடப்பக்க அடைப்பு, பம்பிங் திறன் 35 சதவீதமோ அதற்குக் கீழோ என்ற மூன்றும் உங்கள் தந்தைக்குப் பொருந்துகின்றன. பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களில் அவரும் ஒருவர்.

அப்படியானால் எக்கோவுக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. துடிப்பின் தொடக்கத்தில் நடுச்சுவர் சட்டென்று உள்ளிழுபடுவதும், இதயத்தின் நுனி ஊஞ்சல்போல் அசைவதும் கண்ணாலேயே காணக்கூடிய குறிகள்; இவை இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கிறது. இவை தெரியவில்லை என்பதற்காக மட்டும், இ.சி.ஜி. தெளிவாகப் பரிந்துரைக்கும் சிகிச்சையைத் தயவுசெய்து மறுத்துவிடாதீர்கள். மாரடைப்பால் பக்கச்சுவரில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பது அதைவிட முக்கியம்; தழும்பின்மேல் கருவியின் மின்கம்பி அமைந்தால் தூண்டல் சரியாகப் பரவாது.

ஆகவே, "அப்பாவுக்குப் பக்கச்சுவரில் தழும்பு இருக்கிறதா, கம்பியை அதைத் தவிர்த்து வைக்க முடியுமா?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எக்கோவில் அது தெளிவாகத் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், கருவி பொருத்திய பிறகு படத்தின் தெளிவு குறையக்கூடும் என்பதால், அதைப் பொருத்துவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.